சிவப்பின் மேல் சிவப்பு

பேருந்துப் பலகையில் இடம் போதாமல்
திருப்பாப்புலியூர் ஆகிவிட்ட ஊருக்குள்
ஒரு பாதிரி மரம் நிற்பது
ஹமீதா சொல்லித்தான் தெரியும்.
மணி ஐந்தே முக்கால். டீ ஆறவில்லை.
இரவுப் பணி முடித்த பூவராகன்
ஆம்புலன்ஸ் சீருடையோடே வந்துவிட்டான்,
சட்டைப் பையில் யாருடையதோ ஒரு கொலுசு,
திருப்பிக் கொடுக்க வேண்டியது.

தேடிப் போவது அழுகண்ணியை.
பூச்சி தின்னும் செடி,
ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது.
தை பாதி போய்விட்டது;
ஈரம் வற்றிவிட்டால் அடுத்த மழைக்குத்தான்.

கேப்பர் மலையை மலை என்றால்
மேற்கத்திக்காரர்கள் சிரிப்பார்கள்.
கடலோரத்து முழங்கால்களுக்கு இது போதும்.
முந்திரித் தோப்புக்கு நடுவே
மழை அறுத்துப் போட்ட செம்மண் பள்ளங்கள்,
அப்பால் சிறைச்சாலையின் நீண்ட சுவர்.
ஓரிதழ்தாமரைக்கு ஒரு முறை,
விஷ்ணுகிராந்திக்கு ஒரு முறை,
பூக்காத காயாவுக்குக்கூட ஒரு முறை
ஹமீதா மண்டியிட்டாள்.
காப்பீட்டு அலுவலகத்தில்
இறப்புக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவள்.
கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டாள்.

இரண்டு மணி நேரம். அழுகண்ணி இல்லை.
தண்ணீர் தீர்ந்தது. பூவராகன்
நடந்துகொண்டே தூங்கினான்.

எனக்கு வாரத்தில் ஆறு நாள்
சிப்காட்டில், சாயக் கம்பெனியில்,
வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் வேலை.
ஒரு கையில் மாதிரித் துணி,
மறு கையில் தொட்டியிலிருந்து வந்த துணி.
அதே சிவப்பா,
அரைச் சொட்டு நீலம் கூடிப்போன சிவப்பா?
பார்த்துப் பார்த்து
கல்யாண வீட்டில்கூடப் புடவைகளைத்தான் பார்க்கிறேன்,
முகங்கள் நினைவிருப்பதில்லை.

மூன்றாவது பள்ளத்தில், நீர் கசிந்த ஓரம்,
செம்மண்ணில் ஓரிடம் சரியாக இல்லை.
அவ்வளவுதான் தெரிந்தது.
"நில்லுங்க" என்றேன்.
தூக்கிய காலை இறக்காமல் நின்றான் பூவராகன்.

யாரோ மென்று துப்பிய வெற்றிலைச் சாறுபோல
இருபது, முப்பது சிவப்புப் புள்ளிகள்.
காலையிலிருந்து இப்படி எத்தனையைத் தாண்டி வந்தோமோ!

படுத்துக்கொண்டோம், மூவரும், வயிறு மண்ணில் பட.
கரண்டி கரண்டியாக இலைகள்,
இலையெல்லாம் மயிர்,
மயிரெல்லாம் நுனியில் ஒரு துளி.
அழுகை மாதிரி இல்லை.
பசை காய்வதற்குள் ஒட்டக் காத்திருப்பவன் மாதிரி
அவசரமும் நிதானமும்.
கொசுவைவிடச் சின்னதாய் ஏதோ ஒன்று
ஒரு காலை மட்டும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுத்து விட்டுடலாமா?" என்றான் பூவராகன்.
"கூடாது" என்றாள் ஹமீதா.
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
சுவருக்குள் மணி அடித்தது;
எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

கம்பிபோல் ஒரு காம்பு மட்டும்
அத்தனை பசைக்கும் மேலே எழும்பி
வெள்ளைப் பூ ஒன்றை
எட்டி நிறுத்தியிருந்தது,
தேனுக்கு வருபவர்கள்
மாட்டிக்கொள்ளாமல் போகும் உயரத்தில்.

குறிப்பேட்டில் இடம் என்ற கட்டத்தில்
"கடலூர் மாவட்டம்" என்று மட்டும் எழுதினாள்.
பள்ளமா, சரிவா, எத்தனையாவது முந்திரி,
எதுவும் இல்லை.
"நிறம்? நீ சொல்லு."
வெயில் ஏறும்வரை பார்த்தேன்.
மண்ணைவிட அரைச் சொட்டு நீலம்
என்று சொல்ல வாய் வந்தது.
"சிவப்பு" என்றேன்.

திரும்பும் பேருந்தில்
முகவாய் முதல் முழங்கால்வரை
முன்பக்கம் மட்டும் செம்மண்ணாய் மூன்று பேர்.
நடத்துநர் பார்த்தார்.
"எங்க விழுந்தீங்க?"
"விழல, படுத்திருந்தோம்" என்றான் பூவராகன்,
அதற்கு மேல் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அந்தச் சட்டையை மூன்று முறை துவைத்துவிட்டேன்.
சோப்பு, வெயில், எலுமிச்சை.
அப்படியே இருக்கிறது.
எங்கள் கம்பெனியில் சாயம் போகாத துணிக்கு
ஐந்துக்கு ஐந்து போடுவோம்.
பதினொரு வருடத்தில்
நான் இரண்டு முறைதான் போட்டிருக்கிறேன்.