குமிழி

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால்
உள்ளே லேசர் விழித்திருக்கிறது.
அதற்குக் கீழே யாரோ ஒட்டிய துண்டுச் சீட்டு:
காபியோடு வராதே.

என்ஸ்கெடே. நவம்பர். செவ்வாய்.

ரென்ஸ்கே வூல்டெரிங்க், ஐம்பத்தொன்று,
பால் டேங்கர் ஓட்டுபவள்,
கறுப்புக் கண்ணாடி மாட்டிக் குப்புறக் கிடக்கிறாள்.
கட்டிலில் ஒரு துளை.
துளைக்குக் கீழே அரை உருண்டையாய் ஒரு கிண்ணம்,
உடம்புச் சூட்டில் தண்ணீர்,
தண்ணீருக்குள் அவளது இடது மார்பு.

"போன மாதம் அந்த இன்னொரு மெஷின்
வாஃபிள் சுடுவதுபோல் அமுக்கியது.
இது பரவாயில்லை. குளியல் தொட்டி."

கட்டி இருப்பது அவளுக்குத் தெரியும்.
ஊசியால் எடுத்துப் பார்த்தாயிற்று,
பெயரும் வைத்தாயிற்று. வியாழன் அறுவை.
இன்று பரீட்சை அவளுக்கு அல்ல,
கிண்ணத்துக்கு.

நொடியை நூறு கோடியாய் நறுக்கி
அதில் ஐந்து துண்டு எடுத்தால் எவ்வளவோ
அவ்வளவு நேரம்தான் ஒளி.
தோலைக் கடக்கிறது, கொழுப்பைக் கடக்கிறது,
ரத்தம் மட்டும் அதை விழுங்கிவிடுகிறது.
விழுங்கிய ரத்தம் சுடுகிறது.
சூடு என்றால், எந்தத் தெர்மாமீட்டரும் சட்டை செய்யாத சூடு.
சுட்டது விம்முகிறது. விம்மியது ஒலிக்கிறது,
வௌவாலுக்கும் எட்டாத சுருதியில்.
கிண்ணத்தின் சுவரெல்லாம்
ஐந்நூற்றுப் பன்னிரண்டு காதுகள்.

இதைத் தமிழில் எழுதுகிறவளுக்கு ஒரு சங்கடம்.
ஒளிக்கும் ஒலிக்கும் நடுவே
நாக்கு ஒருதரம் மடிகிற தூரம்தான்;
கொஞ்சம் அசந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.
போதாக்குறைக்கு, ஒளி என்றால்
பதுங்கு என்றும் பொருள்.
சீட்ஸ்கேயின் மொழியில் இந்த வசதி இல்லை.
அந்தத் தூரத்தை அவள்
ஆறு வருஷம் நடந்தாள்.

முதல் இரண்டு வருஷமும் போலி மார்புகள்,
பிளாஸ்டிக் காய்ச்சி அவளே வார்த்தது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலாடைக்கட்டியின் பெயர்.
எடாமுக்குள் ஒருநாள் ஒரு புள்ளி மின்னியது,
மூன்று மில்லிமீட்டர், அச்சு அசல்.
கேக் வாங்கி வெட்டிய பிறகுதான் தெரிந்தது:
காற்றுக் குமிழி.
அன்றிலிருந்து, லேசரை எழுப்புமுன்,
ஓவியத் தூரிகையால் தண்ணீருக்குள்
குமிழி ஓட்டுகிறாள்.

நான்கு நிமிடம். திரை.
சிரைகள் ஒவ்வொன்றாய் வந்து நிற்கின்றன.
பத்து மணித் திசையில், சொன்ன இடத்தில்,
ரத்தக் குழாய்கள் வழி தெரியாமல் முண்டியடிக்கின்றன.
பௌடெவைன் மேசைக்கடியில் முஷ்டி மடக்குகிறான்.

ஐந்து மணித் திசையில் இன்னொரு புள்ளி.

அதை எக்ஸ்ரே சொல்லவில்லை, ஊசி சொல்லவில்லை.
கிண்ணம் சொல்கிறது.
கிண்ணத்துக்குச் சாட்சி சொல்லும் உரிமை இன்னும் இல்லை:
ஒப்புதல் படிவம், பக்கம் மூன்று,
கீழே ரென்ஸ்கேயின் கையெழுத்து.

"தண்ணீர் மாற்ற வேண்டும்," என்றாள் சீட்ஸ்கே.
குரல் சரியாகத்தான் இருந்தது.
"மாற்று. பசுக்கள் எங்கேயும் போகாது."

வடித்தாள். நிரப்பினாள். தூரிகை.
மறுபடி நான்கு நிமிடம்.
பத்து மணியில் கூட்டம் அப்படியே.
ஐந்து மணியில் இருட்டு.

குமிழிதான்.
மூச்சு வந்தது; வந்த மூச்சை அவள் நம்பவில்லை.
முதல் படத்தை அழித்துவிட்டால்
கட்டுரை அழகாயிருக்கும்.
குறிப்பேட்டில் எழுதினாள்:
4.12, புள்ளி உண்டு. 4.31, இல்லை.
இரண்டையும் மருத்துவருக்கு அனுப்புக.

பொத்தான் போட்டுக்கொண்டே ரென்ஸ்கே கேட்டாள்,
"உள்ளே சத்தம் வந்ததாமே. கேட்கலாமா?"
ஆயிரம் மடங்கு மெதுவாக்கி
பௌடெவைன் அதை ஒலிபெருக்கியில் வைத்தான்.
டிக்.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."
"இதற்கா இத்தனை பேர்," என்று சிரித்தாள். பிறகு,
"இன்னொரு தடவை வை."

மூன்றாம் மாடி ஜன்னல். மழை.
கீழே பழைய வால்வோ ஒன்று பின்வாங்கி,
நின்று, இடப்பக்கம் இண்டிகேட்டர் போடுகிறது.
மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.
காருக்குள் அது டிக் டிக்கென்று சொல்லிக்கொண்டிருக்கும்.
இவ்வளவு உயரத்துக்கு
வெளிச்சம் மட்டும் வருகிறது.