எட்டு யூனிட்

அக்டோபரில் இருபத்திரண்டு யூனிட்.
நவம்பரில் பதினாறு.
கிறிஸ்துமஸ் வாரம், பன்னிரண்டே போதும் என்றான் வெய்க்கோ,
ஊசிப் பேனாவின் திருகை என் முகத்துக்கு நேரே நீட்டி.

கெமியார்வியின் பனிவாரி வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும்
பெட்ரோல் நிலையத்தில் அவன் செலவில் காபி.
"முப்பது வருஷச் சர்க்கரை, தானாக இறங்குகிறது பார்!"
யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.
அவன் கணுக்காலில் காலுறைத் தடம்
விடியும்வரை அழியாமல் கிடந்தது.
பழியைப் பழைய பூட்ஸ் மேல் போட்டேன்.

பிப்ரவரி. அதிகாலை நான்கு. மைனஸ் இருபத்தெட்டு.
நடுச்சாலையில் நின்றிருந்தது வண்டி,
மஞ்சள் விளக்கு மட்டும் சுழன்றபடி.
பின்னால் மரலாரியில் வந்த ஈர்யா கதவைத் திறந்தபோது
அந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க
பனிமான்களுக்கு வழிவிட்டு நிற்பதாகச் சொன்னானாம்.
சாலையில் மான் எதுவுமில்லை.
அவள் தன் சாப்பாட்டுப் பையிலிருந்த பழரசத்தை
அவன் வாயில் சாய்த்திருக்கிறாள்.
ஆம்புலன்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தால்
அப்போதும் இரண்டு புள்ளி ஒன்று.

ரொவானியெமியில் டாக்டர் ஹெலெவி
அவசரமில்லாமல் சொன்னாள்:
இன்சுலின் வந்து செல்லின் கதவைத் தட்டும்,
சர்க்கரையை உள்ளே விடச் சொல்லும்.
சொன்னதும் உடம்பு அதைப் பிடித்து இழுத்து
துண்டு துண்டாக நறுக்கிவிட வேண்டும்.
ரத்தத்தில் அதற்கு ஐந்தாறு நிமிட ஆயுள்தான்.
ஈரல் நறுக்கும், சிறுநீரகமும் நறுக்கும்,
ஊசியில் போட்டதென்றால் சிறுநீரகத்துக்கே பெரும்பங்கு.
"உங்கள் கணவருக்கு அந்தக் கை ஓய்ந்துவிட்டது, அம்மா.
போட்ட ஊசி போக மாட்டேனென்று
இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறது."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
மருத்துவமனை வாசலில் எவனோ
வாரிய பனியையே மறுபடி வாரிக்கொண்டிருந்தான்.
அந்தக் காபிகள் நினைவுக்கு வந்தன.
ஒன்பது கோப்பை, இலவங்கப் பட்டை பன்னோடு.
அவன் மட்டும் பன் தொடவில்லை.

இப்போது வாரம் மூன்று நாள்
இயந்திரத்தோடு படுத்திருக்கிறான்.
இரவில் திருகு எட்டு முறை சொடுக்கும்.
அடுப்படியில் நின்றாலும் எண்ணிவிடுவேன்.
மூன்று மணிக்கு எழுந்து
தூங்குகிறவன் விரலைத் தேடிக் குத்துவேன்.
திட்டிவிட்டு மறுபடி தூங்குவான்,
அந்தத் திட்டுக்காகவே காத்திருப்பேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான்.
மான்கள் இருந்தனவாம். ஆறு.
கடைசியாக ஒரு குட்டி,
நொண்டியபடி.