விலைப்பட்டியல்

அல் ஐனில் எங்கள் சலவைக் கடைக்கு
ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கிறது இன்றைய மூட்டை:
அண்ணன் சுஹைலின் அணிவகுப்புச் சீருடை,
தம்பி மாயிதின் பட்டமளிப்பு அங்கி.

சீருடைக்குப் பன்னிரண்டு திர்ஹம்,
அங்கிக்கு ஐந்து.
பட்டியல் எழுதியது முதலாளி குஞ்ஞுமோன்.
ஊரில் ஒருவரும் மறுத்ததில்லை.

பித்தளைப் பொத்தான்களுக்கு வெள்ளித்தாள் சுற்றி,
கஞ்சி காய்வதற்குள் தேய்த்தால்
கால்மடிப்பில் எலுமிச்சை அறுக்கலாம்.
பழகிய கைக்கு அது சுலபம்.
அங்கிதான் படுத்தும்.
மலிவு பாலியெஸ்டர்;
சூடு ஒரு மூச்சு கூடினாலும் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

மூட்டை கொண்டுவந்த டிரைவர் சொன்னான்:
பெரியவனுக்கு மதில் முழுக்க விளக்குச்சரம்,
சின்னவனுக்கு ஒரு கேக்.

சிரித்துக்கொண்டேன்.
கோயம்புத்தூர் மைதானத்தில்
மார்பளவு ஒரு சென்டிமீட்டர் குறைந்த பிறகுதான்
எனக்கு பி.எஸ்சி. இயற்பியல் நினைவுக்கு வந்தது.
"சரி, படிச்சாவது தொலை" என்றார் அப்பா.

துவைக்குமுன் பைகளைத் துழாவுவது வழக்கம்.
அங்கிக்குப் பை கிடையாது.
சீருடையின் மேல்பையில்
எட்டாய் மடித்த தாள்:
ஊசல் கணக்கு, பென்சிலில்,
அண்ணனின் ஆணையிடும் கையெழுத்து.
பாதியில் நின்றிருந்தது.
மூன்றாம் வரியில் குறி தவறு.

குஞ்ஞுமோன் தொழுகைக்குப் போயிருந்தார்.
பில் பேனாவால் அந்தக் கழித்தலின் குறுக்கே
ஒரு சின்னக் கோடு இழுத்தேன்.

உலர்ந்து மொடமொடத்த பையில்
தாளைத் திரும்ப வைத்தேன், தேய்க்காமல்.
அதன் மடிப்புகள்
அவனுடையவை.