நீக்க வேண்டியவை

ஒரு நிமிட ஒலிக்குப் பதினோரு ரூபாய்.
கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நூலகத்தின் நிலவறையிலிருந்து
மாட்டுத்தாவணிக்குப் பக்கத்து மூன்றாம் மாடிக்கு
இரவு ஒன்பதரைக்கு வந்து இறங்குகிறார்
பேசுபவர் 1.

அவருக்குப் பெயர் உண்டு.
பெட்டி எண்ணுக்குக் கீழே அதையும் போட்டிருக்கிறார்கள்.
படிவம் கேட்பது வேறு:
பேசுபவர் 1, பேசுபவர் 2,
மிச்சமெல்லாம் கூட்டம்.

விதிகள் சுவரில் ஒட்டியிருக்கின்றன.
இருமலை நீக்கு.
நாற்காலி இழுபடுவதை நீக்கு.
ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறை போதும்.
ம், ஆ, வெல் போன்ற பொருளற்ற அசைகளை நீக்கு.

அவரோ எதையும் மூன்று முறை சொல்கிறவர்.
"நடப்போம்" என்பார். நிறுத்துவார்.
"நடப்போம்."
மின்விசிறி ஓடும் சத்தம்.
மூன்றாவது வந்து சேர்வதற்குள்
பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பிய ஓர் ஊரே
செருப்புத் தேய்ந்திருக்கும்.
நான் ஒன்றை அடிக்கிறேன்.
மற்ற இரண்டை எங்கே வைப்பதென்று சுவரில் இல்லை.

ஒலியோடு தாள்களும் வரும், ஸ்கேன் ஆகி.
ஓர் உரைக்குறிப்பின் முதுகில் பென்சிலால்:
சலவைக்கு இரண்டு சட்டை.
மாமியாருக்கு மருந்து.
வியாழன் கைதானால், பல் பிரஷ்.
'கைதானால்' என்பதை அடித்துவிட்டு
மேலே எழுதியிருக்கிறார்:
'கைதாகும்போது'.

பதினாறாம் நாடாவில்தான் அவளைக் கேட்டேன்.
மேடையில் இல்லை. மைக்குக்கு இடப்பக்கம் எங்கோ.
அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம்
தாழ்ந்த குரலில், இழுத்து,
வெ...ல்.

அவர்கள் பாஷையில் அது ஒன்றுமில்லை.
உம், மேலே சொல்லு, இங்கேதான் இருக்கேன்,
அந்த மாதிரி ஒன்று.
காதில் மாட்டியிருப்பது கம்பெனி ஹெட்போன்,
காது மேலூர்க் காது.
வெல், என்கிறாள் அவள்.
வெல்.

பத்தொன்பது, இருபத்திரண்டு, முப்பது.
வேறு ஊர், வேறு வருஷம்,
மழை கொட்டும் தகரக் கூரை, குழந்தை வீறிடும் தேவாலயம்,
எல்லாவற்றிலும் இருக்கிறாள்.
முப்பத்தொன்றில்
அவர் மூச்சு வாங்கும் இடம் வெறுமனே கிடக்கிறது.
ஒரு கணம் அவரும் காத்திருக்கிறார்.
சத்தியமாக.
அலைவரிக் கோடு தட்டையாகப் போகிறது, பார்த்தேன்.

அடித்து அனுப்பினேன்:
பேசுபவர் 2, பெண்: வெல்.
நாற்பத்து மூன்று இடங்களில்.
தர ஆய்வு சிவப்பில் திருப்பி அனுப்பியது.
பேசுபவர் அல்ல. கூட்டம். நீக்குக.
டீம் லீடர் தமிழ்க்கோ நல்ல மனுஷன்தான்.
"செந்தாழை, உன் காசுதான் போகும்" என்றார்.

போன மாதம் தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை.
கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டால்
தொடையளவு சேற்றில் பிணம் தூக்குகிறோம்.
சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.
எங்கள் பக்கம் பேச ஏழு ஆண்கள்.
பின்வரிசையில் என் மதினி பூச்சிப்பிள்ளை.
தாசில்தார் 'ஆவன செய்யப்படும்' என்றபோதெல்லாம்
"எப்ப?" என்றாள்.
அவர் பேப்பரைப் புரட்டினார்.
"எப்ப?"
உட்காரும்மா என்றார்கள். உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தபடியே, "எப்ப?"

நடவடிக்கைக் குறிப்பின் நகல் வந்தது.
இரு தரப்பினரும் கருத்துகளைத் தெரிவித்து
சுமுகமாகக் கலைந்து சென்றனர்.
சுத்தமான பிரதி.
எங்கள் தர ஆய்வில் தேறியிருக்கும்.

மணி நாலேகால்.
கீழே வேன் ஹாரன் அடிக்கிறது.
ஒத்தக்கடைப் பக்கம் இறங்குகிறவர்கள் பையை எடுத்துவிட்டார்கள்.
ஜன்னலில் யானைமலை இன்னும் வரவில்லை, இருட்டுதான் இருக்கிறது.
நாற்பத்து மூன்றில் ஒன்றைக்கூட இன்னும் நீக்கவில்லை.

முப்பத்தொன்றைத் திரும்ப ஓட விடுகிறேன்.
பன்னிரண்டாவது நிமிடம், எட்டாவது நொடி.
அவர் மூச்சு வாங்குகிறார்.

பக்கத்து நாற்காலிக்காரி
ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்:
"என்னடி சொன்ன?"