நீலத்தாள்

ஏழாவது முறை நீலத்தாளைக் கடிக்கிறார்
ஜெலுத்தோங் அச்சகத்து மரியசூசை.
புள்ளிகள் சரியாகத்தான் விழுகின்றன.
தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார்,
முடியளவு மசி பிசகினாலும் காணும் கண்.

"இல்ல டாக்டர், இங்க ஒரு மணல்
ஏறி உக்காந்திருக்கு."
விரல் வைக்கும் இடத்தில் வெறும் பல்.

பிளாஸ்டிக் பையில் நான்கு பேர் வார்த்த
அவருடைய வாய்கள், வெள்ளைச் சாந்தில்.
ஆளுக்குக் கொஞ்சம் ராவியிருக்கிறார்கள்.
நான் கருவியை மாட்டிவைத்தேன்.

"சும்மா இருக்கும்போது
பல்லு பல்லத் தொடக்கூடாது."
"தொட்டுப் பாக்காம
தொடலன்னு எப்படித் தெரியும்?"

ஆறாவது மருத்துவருக்குக் குறிப்பெழுதினேன்:
இனி ராவ வேண்டாம்.

பட்டர்வொர்த் ஃபெரியில், உப்புக்காற்றில்,
தாடையை மெல்ல மூடுகிறேன்.
இடப்பக்கம் முந்துகிறது.
மறுபடி மூடுகிறேன்.