ஆழம் பார்த்தல்

ஹோனியாரா துறைமுகத்தில் என் வேலை
ஆழம் எழுதுவது.
ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன.
ஒன்றின் உறை தடிமன்,
இன்னொன்றின் முத்திரை சிவப்பு.
கேள்வி மட்டும் ஒன்றுதான்:
கிழக்கு மேடையருகே, நீர் வற்றும் வேளையில்,
எத்தனை மீட்டர்?

நட்புப் பயணமாம்.
பல் மருத்துவர்களும் ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் வருகிறார்களாம்.
பேண்டு வாத்தியத்துக்கு ஒன்பது மீட்டர் வேண்டுமாம்.

கெலேசி பாக்கைக் கடித்து, சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு
எஞ்சினை இழுத்தான்.
மூன்றாம் இழுப்பில் பிடித்தது.
"யாருடைய கடிதத்துக்கு அளக்கிறோம்?"
"அளந்துவிட்டுப் பார்ப்போம்."

கருவி ஒரு ஒலியைக் கீழே அனுப்பும்.
மணல் அதைத் திருப்பி அனுப்பும்.
ஒன்பது புள்ளி இரண்டு. ஒன்பது புள்ளி ஐந்து.
சட்டென்று நான்கு.

பாறையில்லை.
கெலேசியின் அண்ணன் அதில்
மூன்று தூண்டில் தொலைத்திருக்கிறான்.
போன யுத்தத்தின் கப்பல்.
காலையில் இன்னும் எண்ணெய் கசியும்,
கைக்குட்டை அகலத்துக்கு ஒரு வானவில்.
எந்தப் பக்கத்துக் கப்பல் என்று கேட்டேன்.
மீன் நிறைய இருக்கும் பக்கம் என்றான்.

மதியம் அமைச்சகத்திலிருந்து ஒரு குரல்:
"ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட வேண்டாம்."
"கடலுக்கு ஒரே எண்தான், ஐயா."
"ஓதத்துக்கு ஓதம் மாறும் இல்லையா?"
மாறும்.
பேசாமல் இருந்தேன்.
அவரும் பேசாமல் இருந்தார்.
ஆழம் பார்க்கிறார் என்று தெரிந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது, சரி.
தெரிந்துகொண்டு விடப்போகிற கால்
எத்தனை டன் என்று
இரண்டு கடிதத்திலும் இல்லை.

மேடையில் மீன் விற்கும் பெண்கள்
பத்து நாள் எழுந்துகொள்ள வேண்டும்:
அந்த உத்தரவு மட்டும் தட்டச்சாகி வந்துவிட்டது.
ரோஸ்லின் வகாவிடம் நான்தான் கொடுத்தேன்.
சூரையின் ரத்தம் காகிதத்தில் பட்டது.
"யார் வர்றாங்க?"
"இன்னும் முடிவாகலை."
"அப்போ நாங்க போறது மட்டும் எப்படி முடிவாச்சு?"

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
ஒன்பது என்பது பொய்யில்லை.
நாற்பதடி தள்ளிப் போனால் நான்கு, அதுவும் பொய்யில்லை.
இரண்டு உறைக்கும்
நான்கு என்று எழுதினேன்.
கீழே, காரணம் கேட்கும் கட்டத்தில்:
ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார்.

கெலேசி படித்துவிட்டுச் சிரித்தான்.
பல் எல்லாம் சிவப்பு.
மாலைக்குள் அமைச்சகம் மறுபடி அழைக்கும்.
மணி நான்கரை.
வெளியே நீர் ஏறிக்கொண்டிருந்தது.