பக்கம் இருபத்து மூன்று, வினா நான்கு

பத்திநாதன் வந்தபோது
அளவுநாடா கழுத்தில் அப்படியே கிடந்தது.
இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து
ஜம்பட்டா வீதி வரைக்கும்
கழற்ற மறந்தே நடந்திருக்கிறார்.
இயந்திரம் ஓய்ந்த மத்தியானம்.
நஸ்லிம் நானா சோற்றுப் பார்சலைப் பிரித்திருந்தார்.

"இந்தப் பயிற்சிப் புத்தகம் நீங்கள்தானே அடிச்சது?"

ஐந்தாம் ஆண்டுக் கணிதம். நாங்கள்தான்.
ஏபி என்னும் கோட்டை அளந்து எழுதுக.
விடை, கடைசிப் பக்கத்தில்: பத்து சென்ரிமீற்றர்.
மகள் ஜெனிற்றா எழுதியது:
ஒன்பது சென்ரிமீற்றர் ஏழு மில்லிமீற்றர்.
அதன்மேல் ரீச்சரின் சிவப்புக் கோடு.
அதை யாரும் அளக்கச் சொல்லவில்லை.

நாடாவை உருவி, அங்குலப் பக்கத்தைத் திருப்பி,
தோளில் வைப்பதுபோல் கோட்டில் வைத்தார்.
ஒன்பதும் ஏழும்.
நானா கறிக்கை துடைத்து
இரும்பு அடிமட்டத்தைக் கொண்டுவந்தார்.
ஒன்பதும் ஏழும்.

முதலாளி கண்ணாடிக் கதவைத் திறக்காமலே சொன்னார்:
"மூன்று மில்லிமீற்றருக்கா இவ்வளவு தூரம்?"
பத்திநாதன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
சட்டையைப் பார்த்தார்.
"கொலர்ல மூன்று மில்லிமீற்றர் போனா
கழுத்துக்குத் தெரியும் ஐயா."

எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

பங்குனியில், அந்த வேலை வந்த இரவு
புதிய மென்பொருள், புதிய கோப்பு.
கேட்காமலே ஒரு தாளைத் தந்தது: லெற்றர்.
கொழும்பில் எந்தக் கடையிலும் இல்லாத தாள்.
முதலாம் குறுக்குத் தெருவில் போய்க் கேட்டால்
லெற்றரா, தபால் கந்தோருக்குப் போங்க என்பார்கள்.
திரையில் எல்லாத் தாளும் வெள்ளைதானே.
அகலம் ஆறு மில்லிமீற்றர் கூட,
உயரம் பதினெட்டுக் குறைய,
எந்தக் கண் பிடிக்கும்?
நான் ஓரங்கள் வைத்தேன், இலக்கமிட்டேன்,
ஏபியை அச்சொட்டாகப் பத்து என்று வரைந்தேன்.
அச்சுக்கு அனுப்பும் பெட்டியில்
தாளுக்குப் பொருத்து என்றொரு சரி அடையாளம்
யாரும் போடாமலே போட்டிருந்தது.
நல்ல பிள்ளை அது.
ஒன்றும் வெட்டுப்படக் கூடாதென்று
எல்லாவற்றையும் ஒரே சீராகச் சுருக்கியது,
மணிக்கூட்டை, மாம்பழங்களை, ஏபியை,
மூவாயிரம் பிரதிகளிலும்.
கோணங்கள் மட்டும் தப்பின.
எவ்வளவு சுருக்கினாலும்
செங்கோணம் செங்கோணமாகவே நிற்கும்.

அவர் பார்த்திருக்கவே கோப்பைத் திறந்தேன்.
பக்க அமைப்பு. லெற்றரை விட்டு ஏ-4.
பெட்டியில் அந்த அடையாளத்தையும் எடுத்தேன்;
ஒரு இடத்தில் சொன்னால் போதாது,
இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்.
மட்டக்குளி பஸ்ஸில் உள்ளே தள்ளி நிற்பவர்களைப்போல
வரிகள் கலைந்து, நகர்ந்து, நின்றன.
சூடு ஆறாத பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.
நாடா வைத்தார். பத்து.

சிரிப்பார் என்றிருந்தேன்.
"இது சரி," என்றார்.
"ஆனா அவள் அளந்தது இதை இல்லையே."

உண்மை.
அந்தக் கோடு இப்போதும் ஒன்பதும் ஏழும்தான்.
பள்ளிக்கூடப் பைகளில், மூவாயிரம் இடத்தில்.

ஆகவே ஒரு திருத்தத் துண்டு அடித்தேன்:
பக்கம் 23, வினா 4. அச்சில் கோடு குறுகிவிட்டது.
பிழை அச்சகத்துடையது.
9 செ.மீ. 7 மி.மீ. என எழுதியவர்கள் சரி.
பத்து என எழுதியவர்கள்
அங்கே கை நின்றது.
பத்து என எழுதியவர்கள்
அடிமட்டத்தை எடுக்கவே இல்லை,
கடைசிப் பக்கத்தை எடுத்திருக்கிறார்கள்.

அவர் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தார்.
"பக்கத்து வாங்குப் பிள்ளை பத்துத்தான் எழுதினது.
ரீச்சர் நட்சத்திரம் குடுத்தவாம்."
கொஞ்சம் யோசித்தார்.
"அதை விடுங்க. சின்னதுகள்."

அழித்தேன்.

ஒரு தாளுக்குப் பன்னிரண்டு துண்டு,
இருநூற்றைம்பது தாள்.
யார் கணக்கில் என்று முதலாளி கேட்கவில்லை,
அது மாதக் கடைசியில் வரும்.
நானா வெட்டும் இயந்திரத்தின் கைபிடியைப் பிடித்தபடி
"சைஸ் என்ன?" என்று கத்தினார்.
நாக்கு நுனியில் இருந்தது.
இருந்தாலும் திரும்பி
இன்னொருமுறை திரையைப் பார்த்தேன்.